பிளேஸ் 5: நேரிலும் போனிலும் இணையத்திலும் ஒரே கேள்வித்தாள்

நெதர்லாந்து அரசின் புள்ளியியல் அலுவலகம் உருவாக்கிய பிளேஸ் என்ற கருத்துக்கணிப்பு மென்பொருளில் (5 அதன் பதிப்பு எண்) ஒரு கேள்வித்தாளை ஒருமுறை எழுதினால் போதும். திரை அமைப்பை மட்டும் நேர்காணல், போன், இணையம் என்று மாற்றிக்கொள்ளலாம். பதில்களைச் சரிபார்ப்பது இரண்டு வகை: திருத்தாமல் நகரவிடாத ‘செக்’, எச்சரித்துவிட்டு வழிவிடும் ‘சிக்னல்’. இணையத்தில் செக்கைக் குறையுங்கள். உதவ ஆள் இல்லாதபோது பிழைச்செய்தியைப் பார்த்துப் பலர் பாதியிலேயே மூடிவிடுவார்கள். பிளேஸைக் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். சின்ன ஆய்வுக்கு இவ்வளவு தேவையில்லை.

தகராறு ‘தெரியாது’ என்ற பதிலில்தான். போனில் அதை வாசிக்காமல், பதில் சொல்பவர் தானாகச் சொன்னால் மட்டுமே குறிப்பது வழக்கம். இணையத்தில் அதுவே பொத்தானாக நின்றால் யோசிக்கச் சோம்பல்படுபவர்கள் அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். பதில் போடாமல் நகரப் பார்க்கும்போது மட்டும் காட்டுவது மேல். நீண்ட பட்டியல் என்றால் போனில் கடைசியாகக் காதில் விழுந்ததும், திரையில் மேலே இருப்பதும் கூடுதலாகத் தேர்வாகும். வரிசையைக் கலைத்துப் போடுங்கள். யாருக்கு எந்த வரிசை, எந்த முறை (நேரிலா, போனா, இணையமா) என்பதையும் பதிவில் சேமியுங்கள்.

இணையத்தில் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் இளையவர்கள் என்றால், மற்ற முறைகளின் பதில்களோடு உள்ள வித்தியாசம் முறையால் வந்ததா ஆட்களால் வந்ததா என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. மாதிரியில் ஒரு பகுதியையாவது குலுக்கல் போட்டு முறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் களத்தில் இறங்கும் முன்பே.