பக்கத்து சிஸ்டத்திலிருந்து அப்டேட்: அந்த மூன்று நாள் கெடு

ஆரியங்காவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "விண்டோஸ்ல அந்த டெலிவரி ஆப்டிமைசேஷனை அணைச்சிரவா? நெட்டை உறிஞ்சுதுன்னு சொல்லுதாங்களே." ஒரு கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டை மற்றக் கம்ப்யூட்டர்களோடும் பகிர்ந்துகொள்ளும் வசதி அது. செங்கோட்டையில் எங்கள் பயிற்சி மையத்தில் வருடக்கணக்கில் அது ஓடுகிறது. அவருக்குப் போனில் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

கெட்ட பெயர் சும்மா வரவில்லை. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, ஹோம், ப்ரோ என்ற இரண்டு எடிஷனிலும் நம் கம்ப்யூட்டர் இறக்கிய அப்டேட்டை இணையம் வழியாக முகம் தெரியாதவர்களுக்கும் அனுப்பும்படிதான் அமைத்திருந்தார்கள். கேட்காமலே நம் அப்லோடை எடுத்தது தப்புதான். இப்போது தானாகப் பகிர்வது ஒரே நெட்வொர்க்கில் உள்ள சிஸ்டங்களோடு மட்டும். எதற்கும் விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் வருமோ என்ற பயம் வேண்டாம். கோப்பு துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் மைக்ரோசாப்ட் தரும் ஹாஷோடு, அதாவது கைரேகை போன்ற ஒரு குறியீட்டோடு, ஒத்துப்போனால்தான் ஏற்கப்படும்.

இதன் அருமை தெரிவது சாரல் காலத்தில். மலைப்பக்கம் காற்று பலமானால் எங்கள் நெட் லைன் ஒன்று அறும், இல்லையென்றால் தவழும். அப்போது பெரிய அப்டேட் வந்தால் முன்பெல்லாம் ஆன்லைன் வகுப்பையே நிறுத்த வேண்டியிருக்கும். இப்போது முதல் சிஸ்டம் திணறித் திணறி இறக்கி முடித்ததும், மற்றவை உள் கேபிளிலேயே மளமளவென்று வாங்கிக்கொள்கின்றன. ஆக்டிவிட்டி மானிட்டரில் உள்ளூர் கம்ப்யூட்டர்களிடமிருந்து வந்த பங்கு ஏறுவதைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் வார இறுதியில் படிக்கும் மாணவர் குழு வந்தால் அந்தச் சந்தோஷம் போய்விடும்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அமெரிக்காவில் அப்டேட் வெளியாகும்போது நமக்கு இரவு. எங்கள் சிஸ்டங்கள் புதன் காலையில் இறக்குகின்றன. இறக்கிய கோப்பைப் பகிர்வதற்காக வைத்திருக்கும் கெடு 2,59,200 விநாடி, அதாவது மூன்றே நாள். சனி மதியம் அவர்களுக்காக உள்ளறைச் சிஸ்டங்களைப் போடும்போது கெடு முடிந்திருக்கும். புதன்கிழமையே அதை வாங்கிய சிஸ்டம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. மறுபடி முழுசாக வெளியிலிருந்து, அதே தவழும் லைனில்! தினமும் திறந்திருக்கும் ஆபீஸை மட்டும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது.

ப்ரோ எடிஷனில் விண்டோஸின் உள் விதிகளை மாற்றும் குரூப் பாலிசிக்குள் போய் இந்தக் கெடுவை நீட்டலாம். எங்களிடம் பெரும்பாலும் ஹோம். அதில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. செட்டிங்ஸில் அப்லோடுக்கு வரம்பு வைக்கலாம், வேகத்துக்கு வரம்பு வைக்கலாம், நாளைக் கூட்ட மட்டும் வழியில்லை. சின்ன சென்டர்காரர்கள் வாங்குவது ஹோம்தானே? லைன் மோசமாக இருப்பதும் அவர்களிடம்தானே? அவர்களுக்கு நாளைக் குறிக்கும் ஒரு பெட்டியைச் செட்டிங்ஸில் வைக்க என்ன தடை என்று எனக்குப் புரியவே இல்லை.

சரி, அண்ணாச்சிக்கு என்ன சொன்னேன்? அணைக்காதீர்கள், உள்ளூரோடு நிறுத்தி வையுங்கள், புதன்கிழமை ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எல்லாச் சிஸ்டத்தையும் போட்டுவிடுங்கள். இவ்வளவு உதவிய வசதிக்கு நல்ல மதிப்பெண் போடத்தான் வேண்டும். ஆனால் போன சனிக்கிழமையும் பாதி வகுப்பு அப்டேட்டிலேயே போனது. அதனால் இந்த மாதம் ஐந்துக்கு இரண்டுதான்.