ஃப்ரீஆர்டிஓஎஸ்: கெர்னலோடு சண்டையில்லை, ஹீப் 4-ஓடு உண்டு

புது போர்டு ஒன்றில் வேலை தொடங்கப் போகும் நண்பன் இரண்டு கேள்வி அனுப்பியிருந்தான். சின்ன சில்களில் ஓடும் ரியல்-டைம் கெர்னலான ஃப்ரீஆர்டிஓஎஸ் எடுக்கலாமா? அதில் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் இவ்வளவு நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்பலாமா? முதல் கேள்வி சுலபம். இரண்டாவதுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததும் பழைய கோபமெல்லாம் வரிசையாக வந்து நின்றது. மோட்டார் கன்ட்ரோல் போர்டுகளில் வருடக்கணக்காக இதே கெர்னலை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டாஸ்க் என்றால் என்ன, செமஃபோர் எதற்கு என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது.

ரிச்சர்ட் பாரி 2003-இல் தொடங்கிய இந்தக் கெர்னலுக்கு ஒரு கொள்கை உண்டு. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத வேலையை இன்டரப்டுக்குள் செய்வதில்லை. இன்டரப்டை மூடிவைத்துக்கொண்டும் செய்வதில்லை. கொள்கை யார் வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். அதற்காக அசௌகரியத்தையும் தாங்கிக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. ஈவண்ட் குரூப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிட்டை ஏற்றினால் அதற்காகக் காத்திருக்கும் டாஸ்க் ஒன்று எழலாம், பத்தும் எழலாம். எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அதனால் இன்டரப்டிலிருந்து கூப்பிடும் வடிவம் பிட்டை அங்கேயே ஏற்றுவதில்லை. டைமர் டாஸ்க்கின் க்யூவில் ஒரு கட்டளையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. க்யூ நிரம்பியிருந்தால் முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். முதன்முதலில் பார்க்கும் எவருக்கும் இது தட்டிக்கழிக்கும் வேலையாகத் தோன்றும். சோர்ஸைப் படித்துவிட்டு வந்தால் மரியாதை கூடும். டைமர் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தாழ்வாக வைத்திருந்தால் பிட் ஏறுவதும் தாமதமாகும், அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது எழுதப்பட்ட விதி. திடீர் அதிர்ச்சி இல்லை.

அடுத்து ஓட வேண்டிய டாஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். கார்டெக்ஸ்-எம்4 போன்ற சில்லில், முன்னணிப் பூஜ்ஜியங்களை எண்ணும் ஒற்றைக் கட்டளையை வைத்தே உயர்ந்த முன்னுரிமையைக் கண்டுபிடித்துவிடும். அதற்கு விலை, முன்னுரிமைகள் 32-ஐத் தாண்டக் கூடாது. டாஸ்க் மூன்றோ முப்பதோ, தேர்வுக்கு ஆகும் நேரம் மாறாது. 8.2.0-இல் வந்த டாஸ்க் நோட்டிஃபிகேஷன் இன்னொரு வரம். பைனரி செமஃபோரைவிட 45% வேகம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். நான் சதவீதம் பார்க்கவில்லை. நடுவில் தனியாக ஒரு ஆப்ஜெக்ட் இல்லாமல் நேரே டாஸ்க்கைத் தட்டி எழுப்புகிறது, எனக்கு அது போதும்.

இனி ஹீப் 4.

ஓடும்போது கேட்டால் மெமரி எடுத்துக் கொடுக்க, இந்தக் கெர்னலோடு ஐந்து ஹீப் ஃபைல்கள் வருகின்றன. ஒன்றாவது கொடுத்ததைத் திரும்ப வாங்காது, அதனால் நேரமும் மாறாது. மூன்றாவது, சி லைப்ரரியில் மெமரி கேட்கும் ஃபங்ஷனான மாலக்குக்குப் போட்ட உறை. நான்காவதுதான் பெரும்பாலான உதாரணப் ப்ராஜெக்ட்களில் கண்ணில் படுவது: காலியிடங்களை முகவரி வரிசையில் ஒரு பட்டியலாகக் கோத்து, முதலில் பொருந்துவதைக் கொடுக்கும், திரும்ப வரும் துண்டை அக்கம்பக்கத்துக் காலியிடத்தோடு ஒட்டிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நேரம் உறுதியில்லை என்று ஆவணத்தில் மெமரி பற்றிய பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. அதைப் படிக்கும் எவரும் என்ன நினைப்பார்? "சரி, என் அவசர டாஸ்க்கிலிருந்து மாலக் கூப்பிடாமல் இருந்தால் போதும்." போதாது. என் எரிச்சல் முழுக்க இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

போர்டில் 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எம்4. மில்லிசெகண்டுக்கு ஒருமுறை டைமர் இன்டரப்ட் வந்து கன்ட்ரோல் டாஸ்க்கை எழுப்பும். எல்லா டாஸ்க்குகளிலும் அதற்குத்தான் உயர்ந்த முன்னுரிமை. அது மாலக் கூப்பிடாது, ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூடெக்ஸையும் யாரோடும் பங்கிடாது. இன்டரப்ட் தொடங்கியதும் ஒரு பின் உயரும், டாஸ்க் தொடங்கியதும் இன்னொரு பின் உயரும். ஆசிலோஸ்கோப்பில் முதல் பின்னை ட்ரிகர் வைத்து, பழைய கோடுகள் மறையாமல் திரையிலேயே தங்கும்படி விட்டால், இரண்டாவது பின்னின் விளிம்புகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை மெலிதாக இருந்தால் நிம்மதி. எனக்குப் பட்டை மெலிதாகத்தான் இருந்தது. அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரே ஒரு மங்கலான கோடு. மறுநாள் அது இன்னும் தள்ளிப் போயிருந்தது. போர்டை ரீசெட் செய்தால் பட்டைக்குள் ஒடுங்கிவிடும். ஓடவிட்டால் மறுபடி மெல்ல விலகும். இன்டரப்ட் ஒருமுறைகூடத் தாமதமாகவில்லை. டாஸ்க் மட்டும்தான்.

காரணம் ஹீப் 4-இன் உள்ளே இருக்கிறது. அதன் மாலக், பட்டியலைத் தேடத் தொடங்கும் முன் சஸ்பெண்ட் ஆல் கூப்பிட்டு, டாஸ்க்குகளை மாற்றி ஓடவிடும் ஷெட்யூலரையே நிறுத்திவிடுகிறது. தேடி முடித்த பிறகு ரெஸ்யூம் ஆல். நடுவில் இன்டரப்ட் வரும், ஓடும், கன்ட்ரோல் டாஸ்க்கை எழுப்பியும் விடும். ஆனால் டாஸ்க் மாற்றம் நடக்காது. ஆக, யாரும் மதிக்காத தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒன்று நூறு பைட்டுக்காகக் காலியிடம் தேடிக்கொண்டிருக்க, மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருக்கும் டாஸ்க் வாசலில் நிற்கிறது. மெமரி துண்டு துண்டாகச் சிதறச் சிதறப் பட்டியல் நீளும். நிற்கும் நேரமும் நீளும். ஒரு துண்டைத் தாண்டப் பத்து சைக்கிள் என்று வைத்துக்கொண்டால், 300 துண்டுக்கு 3,000 சைக்கிள், அதாவது கிட்டத்தட்ட 18 மைக்ரோசெகண்ட். திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீயும் சும்மா இல்லை. முகவரி வரிசையில் தன் இடத்தைத் தேடி அதே பட்டியலில் அதுவும் நடக்கிறது, ஷெட்யூலரை நிறுத்திவிட்டு.

இதில் ஒரு வேடிக்கை. எத்தனை துண்டு கிடக்கிறது என்று பார்க்க ஹீப் புள்ளிவிவரம் தரும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதுவும் ஷெட்யூலரை நிறுத்தித்தான் எண்ணுகிறது. நோயைப் பார்க்கப் போனால் நோய் கூடும்.

மாலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது யார் என்று தேடியதில், விலை கொடுத்து வாங்கிய ஒரு கம்யூனிகேஷன் லைப்ரரி சிக்கியது. பெயர் வேண்டாம். வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதன் அளவுக்கேற்ப ஒரு மாலக், ஒரு ஃப்ரீ. அட்டையில் "ரியல்-டைம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆதரவுக் குழுவுக்கு ஸ்கோப் படத்தோடு எழுதினேன். தங்கள் டெமோவில் இப்படி வரவில்லை என்று பதில் வந்தது. வராதுதான். டெமோவை யார் நாள்கணக்கில் ஓடவிடுகிறார்கள்? நல்லவேளையாக மெமரி வாங்கும் இடத்தை மாற்றிக்கொள்ள ஒரு மேக்ரோ விட்டிருந்தார்கள். ஒரே அளவுத் துண்டுகளை முன்கூட்டியே ஒதுக்கி, அவற்றின் பாயின்டர்களை ஒரு க்யூவில் போட்டு, எடுப்பதும் வைப்பதுமாக மாற்றினேன். மங்கல் கோடு போய்விட்டது.

இப்போது நியாயமாகப் பேச முயல்கிறேன். இது ஹீப் 4-இன் தவறா? இன்டரப்டை மூடாமல் ஷெட்யூலரை மட்டும் நிறுத்தியதே அந்தக் கொள்கையின்படிதான். பட்டியலில் நடப்பது நேரம் தெரியாத வேலை, அதனால் இன்டரப்டுக்கு வழி விட்டார்கள். அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஹீப் ஃபைல்கள் கெர்னலின் உள்பகுதியும் இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். 9.0.0-இலிருந்து எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக உருவாக்கவும் வழி இருக்கிறது. இவ்வளவும் உண்மை.

ஆனாலும் ஆறவில்லை. தாழ்ந்த டாஸ்க்குக்காக உயர்ந்த டாஸ்க் காத்துக்கிடக்கும் முன்னுரிமைத் தலைகீழ் என்றதும் எல்லோரும் 1997-இன் மார்ஸ் பாத்ஃபைண்டர் கதையை எடுப்பார்கள்: விஎக்ஸ்வொர்க்ஸ், மியூடெக்ஸ், பூட்டை வைத்திருப்பவனின் முன்னுரிமையைத் தற்காலிகமாக உயர்த்தும் முன்னுரிமை மரபுரிமையைப் பூமியிலிருந்தே முடுக்கிவிட்டது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் மியூடெக்ஸை மட்டும் சந்தேகப்படக் கற்றிருக்கிறோம். ஷெட்யூலரை நிறுத்துவது என்பது எல்லா டாஸ்க்கும் பங்கிடும் கண்ணுக்குத் தெரியாத பூட்டு. நாம் எழுதும் நிரலில் எங்கும் அதன் பெயர் இருக்காது. மரபுரிமை அதைக் காப்பாற்றாது. பூட்டை வைத்திருப்பவன்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறானே, அவனுக்கு இன்னும் எதை உயர்த்துவது?

தேடத் தொடங்கினால் இன்னும் அகப்படும். டாஸ்க் டிலேயும் ஷெட்யூலரை நிறுத்திவிட்டு, எழ வேண்டிய நேரப்படி அடுக்கிய பட்டியலில் தன் இடத்தைத் தேடுகிறது. தூங்கும் டாஸ்க்குகள் எத்தனையோ அவ்வளவு நடை. ரெஸ்யூம் ஆல், காத்திருந்த டாஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தயார்ப் பட்டியலுக்கு மாற்றும் வளையத்தை, இன்டரப்டை மூடிவைக்கும் க்ரிட்டிக்கல் செக்ஷனுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கொள்கையைக் கறாராகப் பிடித்தால் இங்கே கொஞ்சம் இடிக்கும். இவற்றுக்கு நான் கோபப்படுவதில்லை. டாஸ்க் எண்ணிக்கை என் கையில் இருக்கிறது. பன்னிரண்டு டாஸ்க் என்றால் பன்னிரண்டுக்கு மேல் நடக்க முடியாது, மோசமான நிலையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஹீப்பின் துண்டு எண்ணிக்கைக்கு யார் உத்தரவாதம்? பாக்கெட் எந்த அளவில், எந்த வரிசையில் வருகிறதோ அதைப் பொறுத்தது. அதை அனுப்புகிறவன் என் போர்டைப் பார்த்ததுகூட இல்லை.

சில் செய்யும் சேட்டையைக் கெர்னலின் தலையில் போட மாட்டேன். எம்4-இல் வகுத்தல் கட்டளையே எண்களைப் பொறுத்து 2 முதல் 12 சைக்கிள் வரை எடுக்கும். மெமரி தாமதிக்காவிட்டால் இன்டரப்ட் நுழைய 12 சைக்கிள். ஃப்ளாஷ் காக்கவைத்தால் அந்தக் கணக்கும் மாறும். இதெல்லாம் சிறு நடுக்கம், ஓர் எல்லைக்குள் அடங்கும்.

த்ரெட்எக்ஸ் என்ற இன்னொரு ரியல்-டைம் கெர்னலைக் கொஞ்சம் பொறாமையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஒரே அளவுத் துண்டு தரும் பிளாக் பூல் தனி, கேட்ட அளவு தரும் பைட் பூல் தனி. பைட் பூலிலிருந்து எடுக்கும் ஃபங்ஷனின் விளக்கத்திலேயே, துண்டுகளின் சிதறலைப் பொறுத்து நேரம் மாறும், நேரம் முக்கியமான இடத்தில் கூப்பிடாதே என்று எச்சரித்திருக்கிறார்கள். கூப்பிடும் இடத்திலேயே எச்சரிக்கை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபங்ஷனின் விளக்கப் பக்கத்திலும் மூன்று தகவல்: இன்டரப்டை மூடுமா, ஷெட்யூலரை நிறுத்துமா, நேரம் எதைப் பொறுத்து நீளும். சைக்கிள் எண்ணிக்கைகூட வேண்டாம், அது சில்லுக்குச் சில் மாறும் என்று எனக்கும் தெரியும். 2004-இலேயே வந்துவிட்ட டிஎல்எஸ்எஃப் போன்ற, துண்டு எத்தனை இருந்தாலும் நேரம் மாறாத முறையை ஆறாவது ஹீப்பாகச் சேர்த்தால் இன்னும் புண்ணியம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: இன்றைக்கு ஐந்துக்கு மூன்று. போன மாதம் கேட்டிருந்தால் நாலரை சொல்லியிருப்பேன். அந்த லைப்ரரிக்காரர்களின் பதில் வந்த அன்று கேட்டிருந்தால் ஒன்று. இந்த மனநிலையில் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் அடுத்த போர்டிலும் இதுதான் ஓடப் போகிறது.

நண்பனுக்கு எழுதியது இது: "எடு. ஆனால் முதல் நாளே டைனமிக் அலொகேஷனைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, ஹீப் ஃபைல் எதையும் சேர்க்காமல் பில்ட் போடு. சி லைப்ரரியின் மாலக்குக்கு இடம் கொடுக்கும் எஸ்பிஆர்கே ஃபங்ஷனையும் எடுத்துவிடு, இல்லாவிட்டால் தசம எண் அச்சடிக்கும் பிரிண்ட்எஃப் நியூலிப்பில் அந்த வழியாக நுழைந்துவிடும். லிங்கர் திட்டும். யார் யார் ரகசியமாக மெமரி கேட்கிறார்கள் என்பது அந்தத் திட்டிலேயே வந்துவிடும். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பு, மற்றதைப் பிறகு பேசலாம்."