காணிக்கை என்வலப் கட்டு: வாங்கலாமா? எப்படி அடிப்பிக்க வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகையில் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து அச்சகங்களுக்குச் சபைகள் கொடுக்கும் வேலைகளில் காணிக்கை என்வலப்பும் ஒன்று. ஞாயிறு ஒன்றுக்கு ஒன்று வீதம் 52. விசேட நாட்களுக்கு இன்னும் ஆறு: புதுவருடம், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு, அறுவடை விழா, நத்தார், நன்றிக் காணிக்கை. ஆக ஒரு குடும்பத்துக்கு 58. நாற்பது குடும்பமுள்ள சின்னச் சபைக்கே 2,320 என்வலப் வேண்டும். செலவு சின்னதல்ல. அதனால் இந்தக் கட்டு உண்மையில் என்ன வேலை செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்த்துவிட்டே ஓடர் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு கொடுப்பதென்று வீட்டிலேயே முடிவெடுக்க வைப்பதுதான் இதன் முதல் வேலை. 1 கொரிந்தியர் 16:2 இல் பவுல் சொல்லும் முறை அதுதான்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்தில் எடுத்து வைக்க வேண்டும். எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகச் சேர்த்த காசு அது. அதே சேகரிப்பைப் பற்றித்தான் 2 கொரிந்தியர் 9:7 இல், விசனமாயும் கட்டாயமாயும் இல்லாமல் தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கச் சொல்கிறார். பை வந்து முன்னால் நின்ற பிறகு பேர்ஸைத் துழாவி, பக்கத்தில் இருப்பவர் என்ன போடுகிறார் என்று கடைக்கண்ணால் பார்த்துப் போடுவதில் நியமிப்பு எங்கே இருக்கிறது? சனி இரவே மூடி வைத்த என்வலப்பில் அந்தத் தடுமாற்றம் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கட்டு வாங்கத் தகுந்தது. ஆனால் பெரும்பாலும் அடித்து வருகிற மாதிரி வாங்கினால் காசு வீண்.

முதற்குறை தாள். மலிவுக்கு மெல்லிய வெள்ளைத் தாளில் அடிப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டின் நிறம் தெரியும். நம் நாட்டு நோட்டுகளுக்கு நிறமே அடையாளம்: ஆயிரம் பச்சை, ஐந்நூறு ஊதா, நூறு செம்மஞ்சள், ஐம்பது நீலம். பையைத் தூக்கி வருகிற பிள்ளைக்குக்கூட யார் எந்த நிறம் போட்டார்கள் என்று விளங்கிவிடும். பிறகு மூடி என்ன, மூடாமல் என்ன? 80 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத காக்கித் தாள் கேளுங்கள். வெள்ளைதான் வேண்டும் என்று சபை பிடிவாதம் பிடித்தால், உட்பக்கம் சாம்பல் நிறக் கோடு அடித்த தாளாக வாங்குங்கள். அச்சகத்தில் ஒரு மாதிரி என்வலப்பை வாங்கி, ஐந்நூறு ரூபாய் ஒன்றை மடித்து உள்ளே வைத்து, வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அளவு 4½ அங்குலம் நீளம், 3 அங்குலம் உயரம் போதும். நோட்டு ஒரு மடிப்பில் உட்காரும். இதைவிடச் சிறிதாக அடித்தால் நாலாக மடிக்க வேண்டி வரும். அப்படி மடித்த நூறு நோட்டை விரித்து அடுக்குவதில் எண்ணுகிறவர்களின் மதியம் போய்விடும். குத்திக் காசு போடுகிறவர்களும் உண்டு, முக்கியமாகச் சிறுபிள்ளைகள். ஓரத்தில் ஒட்டின இடம் அரை அங்குலமாவது இல்லாவிட்டால் பத்து ரூபாய்க் குத்தி கீழ் மூலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

அடுத்தது பசை. கார்த்திகை மார்கழி ஈரத்துக்கு, நாக்கில் நனைத்து ஒட்டும் பசை பூசின என்வலப் வீட்டு மேசையில் இருந்தபடியே தானாக ஒட்டிக்கொள்ளும். தை மாதத்தில் கட்டைப் பிரித்தால் பாதி என்வலப்பின் வாய் மூடியிருக்கும். கிழித்துத் திறந்து ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டு வருவார்கள். ஸ்டேப்ளர் பின் நோட்டையும் கிழிக்கும், எண்ணுகிறவரின் விரலையும் கிழிக்கும். பசையே வேண்டாம், நாக்கு மாதிரி உள்ளே செருகும் மடிப்பாக வெட்டித் தரச் சொல்லுங்கள். பசையுள்ள கட்டு ஏற்கனவே வந்துவிட்டதென்றால், மூடி இறுக்கமான பிஸ்கட் பேணியில் வைக்கும்படி குடும்பங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

தாளையும் பசையையும் விடப் பெரிய விஷயம், முன்பக்கத்தில் என்ன அச்சடிப்பது என்பது. வழக்கமான மாதிரியில் பெயர், முகவரி, தொகை என்று மூன்று கோடு இருக்கும். சில மாதிரியில் "நிலுவை" என்று நாலாவது கோடும் இருக்கும். அந்த நாலாவது கோட்டைக் கண்ட இடத்தில் வெட்டிவிடுங்கள். காணிக்கைக்கு நிலுவை என்று ஒன்று கிடையாது. வட்டிக் கடைக்காரரின் கொப்பியில்தான் அது இருக்கலாம். பெயரும் முன்பக்கத்தில் வேண்டாம். குடும்பத்துக்கு ஓர் இலக்கம் போதும். அச்சகத்தில் இலக்கம் அடிக்கத் தனிக் கூலி கேட்பார்கள். ஒரு நம்பரிங் முத்திரை வாங்கி வாலிபர் சங்கத்திடம் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார்கள். இலக்கம் யாருடையது என்ற பட்டியல் பொருளாளரிடம் மட்டும் இருக்கட்டும். போதகர் அதைப் பார்க்காமல் இருப்பது அவருக்கே நல்லது. யார் எவ்வளவு என்று தெரிந்த பிறகு, நோயாளி வீட்டுக்குப் போகும்போது மனம் சும்மா இருக்காது.

தொகையை எழுதும் இடம் மடிப்பின் உட்புறத்தில் வரட்டும். அது எண்ணுகிறவருக்கானது. உள்ளே 700 என்று எழுதியிருந்து காசு 500 மட்டும் இருந்தால், அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

எண்ணும் ஒழுங்கு என்வலப்போடு சேர்த்தே தீர்மானிக்கப்பட வேண்டும். ஆராதனை முடிந்த கையோடு, ஒரே வீட்டுக்காரர் அல்லாத இருவர், கதவு திறந்திருக்கும் அறையில் இருந்து எண்ண வேண்டும். ஒருவர் திறந்து இலக்கத்தையும் தொகையையும் வாசிக்க, மற்றவர் தாளில் எழுதுவார். கூட்டுத்தொகைக்குக் கீழே இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். காசு திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டும், பொருளாளர் வீட்டு அலுமாரியில் தங்கக்கூடாது. வெறும் என்வலப்புகளை மாதக் கணக்கு ஒத்துப்போகும் வரை கட்டி வைத்து, பிறகு கிழித்துவிடலாம். இது சந்தேகப் புத்தி இல்லை. பவுலும் எருசலேமுக்கென்று சேர்த்த அந்தக் காசைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புவதாகச் சொல்லி, ஒருவரும் குறை சொல்லாதபடிக்கே அப்படிச் செய்வதாக 2 கொரிந்தியர் 8:20 இல் எழுதுகிறார்.

இனி 52 என்ற எண்ணுக்கு வருவோம். இந்தப் பக்கத்துக்கு அது எல்லாருக்கும் ஒத்துவராது. கந்தோருக்குப் போகிறவருக்குச் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. வேளாண்மைக்காரருக்குப் பெரும்போக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் கையில் காசு புழங்கும். தண்ணீர் வாய்ப்புள்ள வயலென்றால் சிறுபோகத்திலும் கொஞ்சம். மிச்ச மாதங்களில் உரக் கடைக் கடன்தான். கடற்கரைக் குடும்பங்களுக்குக் கடல் கொந்தளிக்கிற மாரியில் அடுப்பெரிவதே கஷ்டம். இவர்கள் எல்லாருக்கும் ஒரே 52 கட்டைக் கொடுத்தால், வருட முடிவில் ஒரு வேளாண்மைக்காரர் வீட்டில் நாற்பது வெறும் என்வலப் கிடக்கும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கடன்காரர் மாதிரி ஒரு குறுகல். சிலர் அந்தக் கூச்சத்திலேயே கோவிலுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். மனதாரக் கொடுப்பதற்கென்று வாங்கின பொருள் மனதை நெருக்குவது இந்த இடத்தில்தான்.

அதனால் மூன்று விதமாக அடியுங்கள். வாரக்கட்டு, கேட்பவருக்கு மட்டும். மாதக்கட்டு 12, சம்பளக்காரருக்கு. மூன்றாவது திகதியே போடாத பத்து என்வலப், வெட்டு முடிந்தபோதோ வலை நிறைந்தபோதோ எடுத்துக்கொள்ள. திகதி இல்லாததால் மிஞ்சினது அடுத்த வருடத்துக்கும் ஆகும். எங்கள் மதிப்பில் இந்த மூன்றாவது வகைதான் மட்டக்களப்பு, அம்பாறைச் சபைகளுக்கு மிகப் பொருத்தம். செலவும் குறைவு.

வெள்ள நிவாரணம், கூரை வேலை போன்றவற்றுக்குத் தனி என்வலப் அடித்தால் அதில் நோக்கத்தையும் முடியும் நாளையும் போடுங்கள். யாத்திராகமம் 36 இல் ஆசரிப்புக்கூட வேலைக்கு ஜனங்கள் கொண்டுவந்தது போதுமானதற்கு அதிகமாகவே இருந்ததால், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் சொன்னார். வேலை முடிந்தும் இரண்டு வருடமாகப் பெறப்படும் "கூரை நிதி" என்வலப்பை யார் உற்சாகமாக நிரப்புவார்?

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்: துணிப் பை பழையது, செலவில்லை, எது யார் போட்டதென்று எண்ணுகிறவருக்கும் தெரியாது, ஆனால் கையில் இருப்பதைப் போடும் பழக்கத்துக்கே விடும். வாசலில் வைக்கும் எவர்சில்வர் உண்டியல் யாருடைய முகத்தையும் பார்க்காது, அது நல்லது. இரண்டு பூட்டுப் போட்டு, திறப்புகளை இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டும். கைபேசியால் குறியீட்டை ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்பும் லங்கா கியூஆர் ஊரில் இல்லாத பிள்ளைகளுக்கு வசதி. கணக்கு சபையின் பெயரில் இருக்கிறதா, தனி ஆளின் பெயரிலா என்று அனுப்பும் முன்பு திரையில் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டின கியூஆர் தாளுக்கு மேல் யாராவது வேறொன்றை ஒட்டியிருக்கிறார்களா என்றும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

காசே கையில் புழங்காத வீடுகளுக்கு என்வலப்பைவிடப் பிடியரிசி மேல். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து வேளைக்கு ஒரு பிடி தனிப் பேணிக்குள் போகும். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் என்று வைத்தால், இரு வேளை, 30 நாளுக்கு 2.4 கிலோ. பிழை வருவது சேர்க்கும் இடத்தில்: நாட்டரிசி, சம்பா, பச்சை எல்லாம் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழைய ஒன்று வேகாது, கடைக்காரரும் வாங்க மாட்டார். மூன்று வாளி வையுங்கள். மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வண்டு விழும்.

என்வலப்புக்கே வருவதென்றால், ஓடரைப் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் கலண்டர், நத்தார் வாழ்த்து மடல் வேலைகளுக்குள் அகப்பட்டுத் தை பிறந்தும் கைக்கு வராது. முழுவதும் அடிக்கும் முன்பு ஒரு மாதிரிப் பிரதி வாங்கி, என்வலப்பில் போடும் வசனத்தை வேதாகமத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, உயிர்த்த ஞாயிறின் திகதி அந்த வருடத்துக்குரியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். போன வருடத்துப் பிளேட்டையே திருப்பி அடித்துவிடுவது அச்சகங்களில் அடிக்கடி நடக்கிற தவறு.