14,750 ரூபாய்க்கு ஒரு ‘ஹோம் ஸ்டூடியோ செட்’: வீட்டில் குரல் பதிவு செய்ய நினைப்பவர்கள் கவனத்திற்கு

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து மூன்றாவது முறையாக வெறுங்கையோடு திரும்பினேன். போனது போனதுதான், விட்டுத்தள்ளுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு ஆறவில்லை. மடிக்கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே நல்ல தரத்தில் குரலைப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒலிநூல்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை ஒன்றுக்கு ஐந்து நிமிட மாதிரி கேட்டிருந்தார்கள். பேச்சில்லாத இடைவெளிகளில் இரைச்சல் -60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் (டெசிபல் ஒலியளவின் அலகு; பூஜ்யத்திலிருந்து கீழே போகப்போக ஓசை குறைவு), உச்சம் -3 டெசிபலைத் தாண்டக் கூடாது, சராசரி அளவு -23க்கும் -18க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். மடிக்கணினியோடு வரும் மைக்கில் அதன் உள்விசிறியின் ஓசையே என் குரலுக்கு இணையாக ஏறிக்கொண்டிருந்ததால், திருச்சிக்குப் போய், இசைக்கருவிகளும் ஒலிபெருக்கிச் சாமான்களும் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் என்னை உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, எதற்காகப் பதிவு செய்கிறேன் என்று அக்கறையோடு விசாரித்தார். பிறகு பெரிய தலையுள்ள கறுப்பு கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால் இயங்கும் நுட்பமான வகை) ஒன்றை என் முன்னால் நிறுத்தி, என் காதில் ஹெட்போனை மாட்டி, ஏதாவது வாசிக்கச் சொன்னார். மேஜை மேல் கிடந்த நாளிதழை எடுத்து நான்கு வரி வாசித்தேன். என் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை; பழைய வானொலி அறிவிப்பாளர் ஒருவர் எனக்குள்ளிருந்து பேசுவதுபோல் கனமாகவும் தெளிவாகவும் இருந்தது. “சார், இந்தக் குரலுக்குச் சாதா மைக் வாங்கினா பாவம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். அந்த மைக் இணைக்கப்பட்டிருந்தது கல்லாவுக்குப் பின்னாலிருந்த பெரிய மிக்ஸரில் (ஒலியைக் கலந்து மாற்றும் கருவி)தானே தவிர, மடிக்கணினியோடு இணைக்க எனக்கு விற்ற சின்னப் பெட்டியில் அல்ல என்பதும், அந்தக் கனம் மிக்ஸர் சேர்த்த செயற்கை எதிரொலியான ரிவெர்ப் என்பதும் எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. தெருச் சத்தத்துக்கு நடுவே மைக்கின் சொந்த இரைச்சல் காதில் விழாது என்பதையும் அப்போது நான் யோசிக்கவில்லை.

மைக், தாங்கி, யூஎஸ்பி வழியாக மடிக்கணினியோடு இணைக்கும் பெட்டி எல்லாம் சேர்த்து 12,350 ரூபாய். “ரூம் ட்ரீட்மென்ட் இல்லாம எதுவும் நிக்காது சார்” என்று சொல்லி, ஓரங்குலத் தடிமனில் பன்னிரண்டு நுரைப்பஞ்சுப் பலகைகளை 2,400 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். ஆக 14,750 ரூபாய். அந்தப் பஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில் முன்பு போலவே உள்ளே வந்து பதிவாகிறது.

வீட்டுக்கு வந்து முதல் பதிவை ஓட்டிப் பார்த்தபோது, குரலுக்கு அடியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் விடாமல் ஓடியது. வாய் திறக்காமல் பத்து விநாடி பதிவு செய்து அளந்தேன்: -41 டெசிபல். கடைக்குப் போன் செய்தால், பெட்டியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரை மாற்றிப் போடச் சொன்னார்கள், மாற்றினேன். மறுநாள், வீட்டு எர்த்திங்கில் கோளாறு என்றார்கள். எர்த்திங்கில் கோளாறு என்றால் ‘ஹம்’ என்ற ரீங்காரம்தான் வரும், சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். என் சீறல் துளியும் அசையவில்லை. மூன்றாம் நாள் மடிக்கணினியே பழசு என்றார்கள். நான்காம் நாளிலிருந்து போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எலக்ட்ரீஷியனான நண்பர் ஒருவர் மல்டிமீட்டரோடு வந்தார். இத்தகைய மைக்குக்குப் பெட்டியிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். நான்கு வோல்ட் கூடலாம், குறையலாம். பெட்டியின் முகப்பில் ‘48வி’ என்று பளிச்சென்று அச்சிட்டு, சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிகிறது. மைக் வயர் இணையும் ஒன்றாம் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் இடையே மீட்டரின் முனைகளை வைத்தால் மீட்டர் 11.6 காட்டுகிறது. பிறகு மைக்கின் தலையிலிருந்த வலையைக் கழற்றினோம். உள்ளங்கை அகலக் கம்பிவலைக்குள், ஒரு பிளாஸ்டிக் மேடைமேல், சட்டைப் பொத்தான் அளவில், மலிவு மைக்குகளில் வருவது போன்ற ஒரு எலக்ட்ரெட் வில்லை (ஒலியை வாங்கும் பாகம்) ஒட்டிக்கொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பதிவின் நுணுக்கத்தைக் குறிக்க அட்டைப்பெட்டியில் போட்டிருந்த 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸும் பொய்தான். கணினி அதை 16 பிட், ஒற்றைத் தடம் என்றே காட்டுகிறது. பேச்சுக்கு 16 பிட்டே போதும் என்பது வேறு விஷயம். போதுமானதைச் சொல்லியே விற்றிருக்கலாமே என்பதுதான் என் ஆத்திரம்.

நேற்று எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே போனேன். அன்று தேநீர் வாங்கிக் கொடுத்தவர் தலை நிமிரவில்லை. கடைத் தம்பி மைக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “திருகாணியைத் தொட்டுட்டீங்க சார், வாரண்டி போச்சு” என்றான். பில்லை நீட்டினேன். அதன் தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்றுதான் இருக்கிறது. கடையின் ஜிஎஸ்டி எண் இல்லை, முத்திரை இல்லை. பில் இல்லாவிட்டால் பதினெட்டு சதவீத வரி மிச்சமாகும் என்று அன்று கடைக்காரர் சொன்னதற்குத் தலையாட்டியவன் நான்தான். 14,750 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு.

எழுத வந்த ஆலோசனையை விரிவாக எழுத இப்போது மனமில்லை, ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் மடிக்கணினியைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே பெட்டியைப் பிரித்து, அதிலேயே இணைத்து, பேசாமல் பத்து விநாடி பதிவு செய்து, உங்கள் சொந்த ஹெட்போனில் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசை நீட்டாதீர்கள். பஞ்சு வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை அழைத்துப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன், ஜிபே கட்டணச் சான்றாவது உதவுமா என்று பார்க்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை, இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

இதில் வயிறு எரிவது என்னவென்றால், நேற்றிரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கட்டிலில் கனத்த போர்வைக்குள் புகுந்து, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து அதே பத்து விநாடியைப் பதிவு செய்து பார்த்தேன், -57 காட்டியது. மாதிரியைத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இன்னும் மூன்று டெசிபல் குறைய வேண்டியிருக்கிறது; பக்கத்து வீட்டில் இரண்டாவது போர்வை கேட்டிருக்கிறேன்.