த்ராட்டில் பொசிஷன் சென்சார் சோதனை: மல்டிமீட்டரா, ஓபிடி ஸ்கேனரா?

ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுத் திடீரெனத் தாவுவதும், நிறுத்தத்தில் ஐடில் வேகம் ஏறி இறங்குவதும், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நேரம் தவறி மாறுவதும் எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் மீது சந்தேகத்தை எழுப்பும் அறிகுறிகள். ஆனால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியும், இன்டேக் பக்கத்துக் காற்றுக் கசிவும் ஏறக்குறைய இதே தொல்லைகளைத் தரக்கூடியவை என்பதால், சோதிக்காமல் புதிய சென்சார் வாங்குவது வீண் செலவாக முடியலாம். வீட்டிலேயே சோதிக்க விரும்புகிறவருக்கு வோல்ட்டேஜை அளக்கும் மல்டிமீட்டர், வண்டியின் கணினியில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் என்ற இரண்டு கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. கேபிளால் இயங்கும் த்ராட்டிலும் மூன்று ஒயர் சென்சாரும் உள்ள கார்களை வைத்தே இவ்விரண்டையும் இங்கு ஒப்பிடுகிறேன்.

அத்தகைய சென்சாருக்குள் இருப்பது கார்பன் தடத்தின் மீது ஒரு முனை உராய்ந்து நகரும் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது நகர்வுக்கு ஏற்ப வோல்ட்டேஜை மாற்றித் தரும் மின்தடைதான். ஒரு ஒயரில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு 5 வோல்ட் அனுப்புகிறது, இன்னொன்று எர்த், மூன்றாவது ஒயரில் த்ராட்டில் திறப்புக்கு ஏற்ற சிக்னல் திரும்பி வருகிறது. பெரும்பாலான வண்டிகளில் த்ராட்டில் மூடியிருக்கும்போது 0.5 வோல்ட்டை ஒட்டியும், முழுதாகத் திறக்கும்போது 4.5 வோல்ட்டை ஒட்டியும் இந்தச் சிக்னல் இருக்கும். சரியான அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், அந்தந்த சர்வீஸ் கையேட்டில் உள்ளதையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

ஸ்கேனரின் பெரிய வசதி, பானெட்டைத் திறக்காமலேயே வேலை தொடங்கிவிடுவதுதான். சிக்னல் அளவுக்கு மீறித் தாழ்ந்தால் பி0122, மீறி உயர்ந்தால் பி0123, வரம்புக்குள் இருந்தும் நடத்தை பொருந்தாவிட்டால் பி0121 என்று கோளாறுக் குறியீடுகள் (கோடுகள்) பதிவாகியிருக்கும். த்ராட்டில் அளவைச் சதவீதமாகவும் பார்க்கலாம். பெடலைத் தொடாதபோதே 10 முதல் 18 சதவீதம் வரை காட்டுவதைப் பார்த்துப் பலர் கோளாறு என்று பதறுகிறார்கள், ஆனால் 5 வோல்ட்டில் 0.5 வோல்ட் என்பது 10 சதவீதம்தானே. ஸ்கேனரின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஸ்கேனர் காட்டுவது இசியு புரிந்துகொண்ட அளவை மட்டுமே, சென்சார் உண்மையில் அனுப்பியதை அன்று. கோளாறு பதிவானபின் சில இசியுக்கள் அந்தச் சிக்னலைப் புறக்கணித்துவிட்டு மாற்று மதிப்பைக் கொண்டு எஞ்சினை ஓட்டுவதும் உண்டு. மேலும், இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான், ஆகவே கேபிள் த்ராட்டில் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் மலிவான புளூடூத் ஸ்கேனர் இணையாமலே போகலாம்.

மல்டிமீட்டருக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. எஞ்சினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி அளப்பதே சரியான முறை. ஒயரின் உறையைக் குத்தித் துளைத்தால் அதன் வழியே ஈரம் புகுந்து செம்பு அரித்துவிடும், ஊசிகள் ஒன்றோடொன்று உரசினால் 5 வோல்ட் இணைப்பு எர்த்தாகிவிடும். முதலில் 5 வோல்ட் வருகிறதா, அடுத்து எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஏறக்குறைய சுழியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே சிக்னலுக்கு வர வேண்டும். எர்த் கெட்டிருந்தால் நல்ல சென்சாரும் தவறான அளவையே தரும். இந்தச் சிறு சோதனையைத் தவிர்ப்பதால்தான் பல நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன என்பது என் எண்ணம். பின்னர் த்ராட்டிலை மிக மெதுவாகத் திறந்துகொண்டே போக, வோல்ட்டேஜ் எங்கும் துள்ளாமல் ஏற வேண்டும். நகர ஓட்டத்தில் அதிகம் பயன்படுவது சிறு திறப்பே ஆதலால் தடம் முதலில் தேய்வதும் அங்கேதான், அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது நல்லது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிப்பதால், கண நேரத் துண்டிப்பு அதன் பார்வைக்குத் தப்பிவிடும். பழைய முள் மீட்டர் இவ்விடத்தில் அதைவிட மேல். வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் இரண்டும் தேவையில்லை, ஆனால் இந்த ஒரு வேலைக்காக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

இரு கருவிகளும் கைவசம் இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டையும் பார்ப்பதுதான் மிகுந்த பயன் தரும். சென்சார் முனையில் மீட்டர் 0.9 வோல்ட் காட்டும்போது ஸ்கேனர் 18 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டும் பெரிதும் முரண்பட்டால் சென்சாரை விட்டுவிட்டு, அதிலிருந்து இசியு வரை செல்லும் ஒயரையும் கனெக்டர் பின்களையும் ஆராய வேண்டும். ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்பவருக்கு என் பரிந்துரை மல்டிமீட்டரே.

சோதனைக்குப் பின் சரிசெய்வதா, மாற்றுவதா என்பதற்கு விடை பெரும்பாலும் சென்சாரின் திருகுத் துளைகளிலேயே இருக்கிறது. துளைகள் வட்டமாக இருந்தால் திருப்புவதற்கு இடமே இல்லை. நீள்வட்டமாக இருந்து, மூடிய நிலை வோல்ட்டேஜ் மட்டும் விலகியிருந்தால் சரிசெய்யலாம், தடம் தேய்ந்திருந்தால் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. திருகுகளைத் தளர்த்துமுன் ஆக்ஸிலரேட்டர் கேபிளில் சற்றுத் தளர்வு இருப்பதையும் த்ராட்டில் முழுமையாக மூடுவதையும் உறுதிசெய்ய வேண்டும். திருகை இறுக்கும்போது அளவு சற்று நகரும் என்பதால் மீட்டரைப் பார்த்தபடியே இறுக்கி, பெடலைச் சில முறை மிதித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மூடிய நிலையில் த்ராட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நிறுத்தத் திருகைத் தொட்டு வோல்ட்டேஜைக் கொண்டுவர முயல்வது கூடாது. அது தொழிற்சாலையில் அமைக்கப்பட்டது. அதை நகர்த்தினால் ஐடில் காற்றின் அளவே மாறிவிடும்.

கேபிளுக்குப் பதிலாக மோட்டாரால் இயங்கும் எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டிகளில் இந்தத் திருப்பும் வேலைக்கு இடமில்லை. அங்கே இரண்டு சிக்னல்களை இசியு ஒப்பிடுகிறது, அவை பொருந்தாதபோது பி2135 என்ற கோடு வரும். இங்கு ஸ்கேனரே முதல் கருவி. இக்னிஷன் ஆன் நிலையில் அந்தத் த்ராட்டிலுக்குள் விரலை வைக்கக் கூடாது, மோட்டார் எந்த நேரத்திலும் அதை மூடிவிடலாம்.