கதவைத் திறப்பதா, சாத்துவதா? பதினான்காம் அத்தியாயத்தின் இரண்டு வடிவங்கள்

என் மேசை லாச்சியில், நான் எழுதின சரித்திரக் காதல் நாவலின் ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு பிரதிகள் கிடக்கின்றன. ஒன்று பதினொரு பக்கம், மற்றது நாலரைப் பக்கம். இரண்டிலும் அதே முதலிரவு, அதே இலுப்பெண்ணெய் விளக்கு, அதே இரண்டு பேர். பதினொரு பக்கத்தில் விளக்கு அணைந்த பிறகும் நான் அறைக்குள்ளேயே நிற்கிறேன். நாலரைப் பக்கத்தில் விளக்கு அணைய முன்னரே எழும்பி வந்து திண்ணையில் குந்திவிடுகிறேன். மூன்று மாதம் இழுபட்டுக் கடைசியில் நாலரைப் பக்கத்தைத்தான் நாவலில் வைத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

கதை நடப்பது 1706இல், ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில். ஒல்லாந்த அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் திரட்டி எழுதிக்கொண்டிருந்த நேரம். அடுத்த வருடம், 1707இல், அது தேசவழமைச் சட்டமாக வந்தது. காணிப் பிரச்சினை என்று வந்தால் முதுசமா (பரம்பரையாக வந்ததா) தேடியதேட்டமா (கல்யாணத்துக்குப் பிறகு தேடினதா) என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அதே சட்டம். என் நாயகன் ஓலை எழுதுகிறவன். நாயகியின் தகப்பன் துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கிற சாயவேர் வியாபாரி. சீதன ஓலையில் ஒரு பனங்காணி இழுபறிப்பட்டுப் பதின்மூன்று அத்தியாயம் ஓடி, ஒருவழியாகக் கல்யாணம் முடிகிறது. பகலில் ஒல்லாந்தருக்காகத் தேவாலயத்தில் பதிவு, இரவில் தங்களுக்காக வீட்டில் சடங்கு. அந்த இரவுதான் பதினான்காம் அத்தியாயம்.

பதினொரு பக்கத்தை எழுத வைத்தவள் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் மகள். ஆங்கிலத்தில் வருகிற சரித்திரக் காதல் நாவல்களை வாரத்துக்கு இரண்டு என்று விழுங்குகிறவள். என் கதையைத் தாய் வாசிக்கக் கேட்டுக்கொண்டு வந்தவள், இந்த அத்தியாயம் முடிந்தவுடன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்: "மாமி, இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்திட்டு, படலையில விட்டிட்டுப் போறீங்களோ?" திறந்து எழுதினால் அந்த அத்தியாயத்தை மட்டும் தானே எழுத்துக்கூட்டி வாசிப்பதாகவும் வாக்குக் கொடுத்தாள்.

அவள் பக்கம் ஒரு மரபே இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வகை நாவலுக்கு வழி வெட்டியவர்களில் முக்கியமானவர் ஜோர்ஜெற் ஹேயர். 1921இல் முதல் நாவலை வெளியிட்டவர். அவருடைய காதலர்கள் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்தத்தோடு நின்றுவிடுவார்கள். 1972இல் கத்லீன் வுடிவிஸ் எழுதிய நாவலோடு படுக்கையறைக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு திறந்த நாவலும் சாத்திய நாவலும் அங்கே பக்கத்துப் பக்கத்து அலுமாரியில் இருக்கின்றன. வாங்குகிறவர் எது என்று தெரிந்துதான் வாங்குகிறார். 2020 மார்கழியில் நெட்பிளிக்ஸ் ஒரு சரித்திரக் காதல் நாவல் வரிசையைத் தொடராக்கியபோது, இங்கே எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பெட்டையள் கூட இங்கிலாந்துப் பிரபுக்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு திரிந்தார்கள். தமிழில் நமக்கு நடுவழி ஒன்று உண்டு. சாண்டில்யன் வழி. காரியம் திரைக்குப் பின்னால், வர்ணனை மட்டும் திரைக்கு முன்னால் நாலு பக்கம்.

சமூகம் என்ன சொல்லும், வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குகிற ஐயா எந்தப் பக்கத்தைப் புரட்டுவார், வீட்டில் பிள்ளைகள் எடுத்து வாசித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கவலைகள். அவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. வாசிக்கிற பிள்ளையை எந்த லாச்சியும் தடுக்காது. நாங்கள் எல்லோரும் தலையணைக்குக் கீழே வைத்து வாசித்து வந்தவர்கள்தானே.

திறந்த வடிவத்துக்குச் சார்பாக ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சம்மதம். 1972இல் வந்த அந்த நாவலிலேயே நாயகன் நாயகியைப் பலாத்காரம் செய்வதிலிருந்துதான் உறவு தொடங்குகிறது. பிற்காலத்தில் எழுத வந்தவர்கள் அதைத் திருத்தியது கதவைச் சாத்தி அல்ல, உள்ளே விளக்கைத் தூண்டிவிட்டு: அவள் என்ன சொன்னாள், அவன் எங்கே நிறுத்தினான், எங்கே கேட்டான் என்று பக்கத்திலேயே காட்டினார்கள். சரித்திரக் கதையில் இது இன்னும் முக்கியம். மூன்று நூற்றாண்டுக்கு முந்திய ஒரு பெண்ணிடம் யார் கேட்டிருப்பார்கள்? கதவைச் சாத்தினால் வாசகர் என் பேச்சை நம்பித்தான் ஆக வேண்டும். என் நாயகன் ஒரு ஒல்லாந்தச் சிப்பாயாக இருந்திருந்தால் சாத்தியிருக்கவே மாட்டேன். ஆட்சி செய்தவனுக்கும் ஆளப்பட்டவளுக்கும் நடுவில் நடந்ததை மறைவில் விட்டுவிட்டு அதற்குக் காதல் என்று பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆக, திறந்தே எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். வெட்கம் முதல் நாளோடு போய்விட்டது. சொல்தான் கிடைக்கவில்லை.

கையில் இருந்த சொற்களைக் குவித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குவியல் சுகாதாரப் பாடப் புத்தகத்துச் சொற்கள். உடலுறவு, பாலுறுப்பு. எழுதின உடனேயே அறைக்குள் கரும்பலகை வந்துவிடுகிறது. அடுத்த குவியல் பத்திரிகையில் வழக்குச் செய்தி எழுதுகிற சொற்கள். "உறவு கொண்டனர்" என்று எழுதிவிட்டுப் பார்த்தால், சந்தேக நபர்கள் இருவரும் எத்தனையாம் திகதி வரை விளக்கமறியலில் என்று கை தானாகத் தொடரப் பார்க்கிறது. மூன்றாவது தூசணம். இந்தக் குவியல்தான் பெரிது. உடம்பின் மறைவான இடம் ஒவ்வொன்றுக்கும் யாழ்ப்பாணத் தமிழில் பெயர் உண்டு, பஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் நின்றால் முழு அகராதியும் இலவசம். ஆனால் எல்லாம் ஏசி ஏசித் தேய்ந்தவை. அன்பாகச் சொல்லப் பார்த்தாலும் வாய்க்கால் சண்டை மாதிரித்தான் காதில் விழும். நாலாவது, சரித்திர நாவலுக்கென்றே வைத்திருக்கிற பட்டுத் தமிழ். மேனி, அதரம், ஸ்பரிசம். அதைப் போட்டவுடன் ஓலை எழுதுகிறவனும் சாயவேர்க்காரன் மகளும் காணாமல் போய், பாயில் ஒரு ராசகுமாரனும் ராசகுமாரியும் கிடக்கிறார்கள்.

புணர்ச்சி என்று ஒரு நல்ல சொல் இருந்தது. வள்ளுவர் 'புணர்ச்சி மகிழ்தல்' என்று அதிகாரமே வைத்திருக்கிறார். இன்றைக்கு அதை எழுதினால், தமிழ் ரீச்சரிடம் அடிவாங்கிப் படித்தவர்களுக்குத் தோன்றல், திரிதல், கெடுதல்தான் ஞாபகம் வரும். (சில காதல் கதைகளுக்கு அந்த மூன்றுமே போதும் என்பது வேறு விசயம்.)

ஆங்கிலத்துக்கும் ஒருகாலம் இந்தக் கஷ்டம் இருந்திருக்கும். அரை நூற்றாண்டாக எத்தனையோ பேர் எழுதி எழுதி, வாசிக்கிறவரின் கண் சறுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அந்தச் சொற்களைப் பழக்கிவிட்டார்கள். தமிழிலும் யாராவது தொடங்கினால்தானே பழகும் என்று மச்சாளின் மகள் கேட்டாள். கேள்வி நியாயம். முயன்று பார்த்த எனக்குக் கைவரவில்லை என்பது மட்டும்தான் பதில். இணையத்தில் கதை எழுதுகிற பிரதிலிபி மாதிரி இடங்களில் இளம் பிள்ளைகள் எழுதுவதை நான் தொடர்ந்து வாசித்ததில்லை. இந்தக் காலத்துக் கதையில், இந்தக் காலத்துப் பேச்சில், யாராவது இதைச் சாதித்திருக்கவும் கூடும். நான் சொல்வது சரித்திரக் கதை எழுதி இடறின ஒருத்தியின் கணக்கு.

அப்படி இடறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கலித்தொகையைத் திரும்ப எடுத்தேன். எங்கள் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டிலிருந்து எடுத்து 1887இல் அச்சிட்ட நூல் அது. அதில் 51ஆம் பாட்டு, கபிலர் பாடியது. சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்துவிட்டு ஓடிய பெடியன், வளர்ந்தபின் ஒருநாள் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிறான். குடுத்துவிட்டு வா என்று தாய் அனுப்புகிறாள். கொண்டுபோனவளின் வளைக்கையை எட்டிப் பிடிக்கிறான். "அம்மா, இவன் செய்ததைப் பாருங்கோ" என்று அவள் கத்த, தாய் ஓடிவருகிறாள். வந்த தாயிடம் இவள் சொல்வது: தண்ணீர் குடிக்கும்போது விக்கினான். தாய் அவன் முதுகைத் தடவிவிடுகிறாள். தடவலை வாங்கிக்கொண்டே அவன் கடைக்கண்ணால் இவளைக் கொல்லுகிற மாதிரிப் பார்த்துச் சிரிக்கிறான்.

கபிலர் அங்கே பிடித்தது ஒரு மணிக்கட்டை மட்டும். மீதி எல்லாம் ஒரு பொய்யில் நடக்கிறது. அந்தப் பொய்தான் அவளுடைய சம்மதமும். ஒரு வினாடிக்கு முன்னால் கத்தினவள், எல்லாம் தெரிந்தபின் அவனைக் காப்பாற்றுகிறாள். கதவைச் சாத்தினால் சம்மதத்தைக் காட்ட முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் ஆட்டம் கண்டது. இரண்டு பேருக்குள் என்ன மாறியது என்பதை யார் யாரை எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலேயே காட்டிவிடலாம்.

அதற்கு யாழ்ப்பாணத் தமிழைப் போல வசதியான மொழி இல்லை. எங்களுக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. 'நீர்' மற்றப் பல ஊர்களில் பாட்டிலும் நாடகத்திலும்தான், எங்களுக்கு அது குசினிப் பேச்சு. புருசன் பெண்சாதியைக் கூப்பிடுகிற சொல். மரியாதையும் இருக்கும், நெருக்கமும் இருக்கும், கொஞ்சம் அதிகாரமும் இருக்கும். பெண்சாதி திருப்பிச் சொல்வது 'நீங்கள்', இல்லாவிட்டால் 'இஞ்சாருங்கோ'. (மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் என்ன சொன்னார்களோ, நான் இன்றைக்குள்ளதையே அவர்கள் வாயில் வைத்தேன்.) வேலிக்கு அங்காலும் இங்காலும் நின்று கதைத்த பதின்மூன்று அத்தியாயத்திலும் என் நாயகன் அவளை 'நீங்கள்' என்றே சொல்கிறான். அவளோ அவனை எந்தச் சொல்லாலும் அழைப்பதில்லை. "தண்ணி வேணுமோ", "நாளைக்கு வருவதோ" என்று ஆளில்லாத வசனமாகப் பேசித் தப்பிக்கொள்கிறாள்.

நாலரைப் பக்க வடிவத்தில் நடப்பது இவ்வளவுதான். அறைக்குக் கதவு கிடையாது, ஒரு தட்டி. (கதவைச் சாத்துவது என்று இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டிருப்பதே ஒரு பேச்சுக்குத்தான். மண்சுவரும் கிடுகுமான வீட்டில், கல்யாணத்துக்கு வந்த சனம் திண்ணை முழுக்கப் படுத்திருக்க, பதினொரு பக்கத்துக்கு அங்கே இடமேது?) அவளுடைய உள்ளங்கை ரேகைகளில் சாயவேர்ச் சிவப்பு இன்னும் கிடக்கிறது. முந்தின நாள்வரை தகப்பனின் சாயப் பானைகளோடு நின்றவள். அவன் அந்தக் கையை விளக்கடியில் விரித்துப் பார்த்து, நோகுமோ என்று கேட்கிறான். பிறகு, "தொடட்டோ?" அவள் பதில் சொல்லாமல் விளக்கைத் தானே ஊதி அணைக்கிறாள். இருட்டில், தாயும் பெரியதாயும் நாலு முழத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, மிக மெல்ல ஒரு சொல் சொல்கிறாள்: "நீர்." அதற்குப் பிறகு வசனமே இல்லை. விடிய அவள் மற்றப் பெண்சாதிகளைப் போல 'இஞ்சாருங்கோ'வுக்கு மாறிவிடுகிறாள். கிணற்றடியில் மாமியார் மட்டும் அவனுடைய வெள்ளைச் சால்வையை இரண்டாம் தரம் அடித்துத் துவைக்கிறாள். படிகாரம் பட்ட சாயவேர்ச் சிவப்பு லேசில் போகாது.

இரண்டு வடிவத்தையும் போட்டோக்கொப்பி எடுத்துச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். வயது அறுபத்தெட்டு, வாசிகசாலையில் வருகிற நாவல் ஒன்றையும் விடாதவர். அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பதினொரு பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன பிள்ளை, ஆஸ்பத்திரி ரிப்போட் மாதிரிக் கிடக்கு? எங்க பிடிச்சான், எவ்வளவு நேரம் பிடிச்சான் எண்டெல்லாம்."

"மற்றது?"

"மற்றது…" என்று இழுத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார்.

ரொறன்ரோ வாசகி மசியவில்லை. 'நீர்' விசயத்தைத் தாய் சொல்லித்தான் தனக்கு விளங்கியதாம். வீட்டில் தமிழ் கேட்டும் கேளாமலும் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒரு சொல் மாற்றம் வெறும் இலக்கணம். இது என் வடிவத்தின் பெரிய பலவீனம் என்று ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத் தமிழ் காதில் இல்லாதவருக்கு, மட்டக்களப்பாரோ மதுரைக்காரரோ, அந்த இரவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றே தோன்றலாம். திறந்த வடிவத்தில் அந்த ஆபத்து இல்லை. நடந்தது நடந்ததுதான்.

ஆனாலும் அச்சுக்குப் போனது நாலரைப் பக்கம்தான். தட்டச்சு செய்தது பஸ் நிலையத்துப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு பெடியன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தாள்களைத் திருப்பித் தரும்போது சொன்னான்: "அக்கா, பதினாலாம் அத்தியாயத்தில ஒரு பிழை இருந்தது, நான் திருத்திப்போட்டன். புருசனைப் போய் ஆராவது நீர் எண்டு சொல்லுவினமோ? நீங்கள் எண்டு மாத்தி விட்டிருக்கிறன்."

பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பழையபடி மாற்றச் சொன்னேன். மாற்றினான். பிறகு மேலே உருட்டி, விளக்கு அணைகிற இடத்திலிருந்து திரும்ப ஒருமுறை வாசித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"விளங்குது அக்கா" என்றான், திரையைப் பார்த்தபடியே.