விபாசனா வகுப்பா, ஜே.கே. சொன்ன கவனிப்பா?

விபாசனா ஒரு தியானப் பயிற்சி; ஜே.கே. என்பது சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. நல்லது கெட்டது என்று முத்திரை குத்தாமல் பார்ப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. வழிதான் வேறு.

எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய விபாசனாவுக்கு 10 நாள் தங்க வேண்டும். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சு, போன், புத்தகம் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நான்காம் நாளிலிருந்து உடம்பில் எழும் உணர்வுகளை, வலியோ சுகமோ, அப்படியே கவனிக்க வேண்டும். கட்டணம் இல்லை.

ஜே. கிருஷ்ணமூர்த்தியோ முறை என்பதையே ஏற்கவில்லை. உண்மைக்குப் பாதை கிடையாது என்று சொல்லி, தான் தலைமை தாங்கிய அமைப்பை 1929-ல் கலைத்தவர். எதிர் வீட்டு மாமரம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் முகம், நமக்கு வரும் எரிச்சல் எல்லாமே கவனிப்புக்குரியவைதான். கேட்க எளிது. மரத்தைப் பார்த்ததுமே, 'போன வருஷம் நிறையக் காய்த்ததே' என்று மனம் ஆரம்பித்துவிடும். சரி, அந்தப் பேச்சையும் விரட்டாமல் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான் அவர் சொல்வது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வீட்டில் கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ இருந்தால் 10 நாள் விலகியிருப்பது லேசில்லை. அப்படி விலக முடியாதவர்களுக்கு ஜே.கே. வழியையே சொல்வேன். ஐந்து நிமிஷம்கூட மனம் நிற்காதவர்கள் முதலில் விபாசனாவுக்கு ஒருமுறை போய் வரலாம்.